பரிசோதனைக்குப் படித்துவிட்டுப் போகிறவர்

மருத்துவப் பரிசோதனையில் முதல் மதிப்பெண் வாங்கிவிட்டால் நோய் வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விடுமா? ரோசேர் திபோடோவின் ஓய்வுக்காலம் முழுவதும் இந்த ஒரு கேள்வியாகவே கழிந்தது. அவரைத் தனி மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஓர் இனம். பரிசோதனைக்குப் படித்துவிட்டுப் போகிறவர்களின் இனம். மான்ட்ரியால் குளிரில் அது அமோகமாக வளர்கிறது.

முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். தூக்கத்தில் ஐஸ் ஹாக்கி ஆடுவார். கனவில் ஆடுவது குற்றமில்லை. ஆனால் கால்களும் சேர்ந்தே ஆடின. மனைவி ஜிஸ்லேனின் விலாவில் மூன்றாவது கோல் விழுந்ததும் அவள் அவரைத் தூக்க மருத்துவரிடம் இழுத்துப் போனாள். இப்படி உதைக்கிறவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் நடுக்குவாதம் வருகிறது, வருமுன் உடம்பு சின்னச் சின்னத் தடயங்கள் விடும், மோப்பம் குறையும், நிறங்கள் குழம்பும், கையெழுத்து சிறுக்கும், வருடம் ஒருமுறை வாருங்கள், பார்த்துக் குறித்துக்கொள்கிறோம் என்றார் மருத்துவர்.

குறித்துக்கொள்ளத்தான். ரோசேரோ பாடம் படிக்க ஆரம்பித்தார்.

கடைப் பட்டியலைச் சுவரொட்டி அளவு எழுத்தில் எழுதினார். வண்ணக் கடையிலிருந்து நீலத்தில் நாற்பது மாதிரி அட்டைகள் வாங்கி வந்து வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை அடுக்கினார். விரல்தட்டும் சோதனைக்காகச் சாப்பாட்டு மேசையில் தட்டிய தட்டலில் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் பதில் தட்டினார். எல்லாவற்றுக்கும் மேல், மூக்குப் பயிற்சி. கம்பளிக் குல்லாயைக் கண்ணுக்குக் கீழே இழுத்துவிட்டு அவர் உட்கார, ஜிஸ்லேன் பாட்டில் பாட்டிலாக நீட்டுவாள்.

"இது?"

"பட்டை."

"இது?"

"மேப்பிள் பாகு. இதுகூடத் தெரியலன்னா நான் கியூபெக்காரனே இல்ல."

"சரி, இது?"

ஆழமாக ஒரு மூச்சு. "ரோஜா. சந்தேகமே இல்ல."

"அது காலி பாட்டில், ரோசேர்."

"கழுவுனியா?"

"ரெண்டு தடவ."

"அப்ப ரோஜா சோப்பு போட்டிருப்ப."

மூக்கு கைவிட்டால் என்ன, மூளை இல்லையா? மோப்பம் பார்க்க மருத்துவமனையில் தரும், பக்கத்துக்குப் பக்கம் சுரண்டினால் ஒரு வாசனை வரும் சோதனைப் புத்தகம் வருடா வருடம் ஒன்றேதான் என்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். நாற்பது விடைகளையும் வரிசையாக மனப்பாடம் செய்தார். பனி வாரும்போதும் முணுமுணுப்பு: ஊறுகாய், புதினா, பெட்ரோல், வாழைப்பழம்...

"மூக்கே இல்லாம பாஸ் பண்ணப் போறியா?" என்றாள் ஜிஸ்லேன்.

"பாஸ்னா பாஸ்தான்."

"நாம மூணாவது மாடில இருக்கோம்டா மடையா! வெளிய அந்த வளைஞ்ச இரும்புப் படி, அதுமேல ஐஸ். உனக்கு வரப்போகுதுன்னா, ஊரே வீடு மாத்துற ஜூலை ஒண்ணாந்தேதிக்குத் தரைத்தள வீடா பாக்கணும். காலி பண்றோமா இல்லையான்னு மார்ச்சுக்குள்ள வீட்டுக்காரனுக்குச் சொல்லணும். யாரை ஏமாத்துற, டாக்டரையா என்னையா?"

எந்தத் தத்துவவாதியும் இதைவிட நேராகக் கேட்டதில்லை. ரோசேர் முனகினார்: பதினொன்று, தேங்காய்.

மார்ச் மாதம் பரிசோதனை நாள். தாதி மோட் புத்தகத்தையும் பென்சிலையும் கொடுத்தாள். ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு விடைகள்.

"மிஸ்யூ திபோடோ, நீங்க இன்னும் சுரண்டவே இல்லையே!"

"எனக்குத் தூரத்துலயே வாசனை வந்துரும்மா."

அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். பதின்மூன்று, எலுமிச்சை. அவள் திருப்திக்காக ஒருமுறை சுரண்டி முகர்ந்தார். ஒன்றுமில்லை. மறுபடி சுரண்டினார். தாள் கிழியும்வரை சுரண்டினார். விடை மட்டும் மனத்தில் மஞ்சளாக, பளபளவென்று நின்றது.

பென்சிலைத் தலைகீழாகத் திருப்பினார். பன்னிரண்டையும் அழித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பி, ஒவ்வொன்றாகச் சுரண்டி, முகர்ந்து, வாசனை வராத இடங்களில் ‘தெரியவில்லை’ என்று எழுதினார். இருபத்து மூன்று ‘தெரியவில்லை’.

ஏன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஜிஸ்லேனும் கேட்கவில்லை. நீங்களாவது ஒரு காரணம் ஊகித்துச் சொல்லுங்கள், வாசகரே. சர்க்கரைப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே இனிப்பை நிறுத்திவிட்டு, ரத்தம் கொடுத்த கையோடு நேரே ஜாங்கிரிக் கடைக்குப் போகிறவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா?