முடியாதென்று எழுதித் தரக் கேட்ட தார்ப்பாய் அக்கா

நாமக்கல் லாரிகளை மழையில் நனையாமல் காத்ததும், எங்கள் கல்வி அலுவலகத்தை மின்விசிறிக்கு அடியிலேயே வியர்க்க வைத்ததும் ஒரே ஆள்தான். தார்ப்பாய் அக்கா. அவருடைய பெயர் மனுவிலேயே இருந்தது. ஆனால் மனுவில் பெயர் வரைக்கும் படிக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. லாரிப் பட்டறைகளுக்கு நடுவே தார்ப்பாய் தைக்கும் கடை வைத்திருந்தார் என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நான் அப்போது அங்கே கண்காணிப்பாளர். முதல் நாள் அவர் வந்தபோது நான் இடத்தில் இல்லை.

"சார் டீ குடிக்கப் போயிருக்காருங்க, நாளைக்கு வாங்க" என்றார் உதவியாளர்.

"அதையே எழுதி ஒரு சீல் போட்டுக் குடுத்துப்போடுங்க சாமி, நான் பாட்டுக்குப் போறேன்."

அந்த அப்பாவியும் எழுதிக் கொடுத்துவிட்டார். 'கண்காணிப்பாளர் தேநீர் அருந்தச் சென்றுள்ளார், முற்பகல் 11.10.' அலுவலக முத்திரையுடன். மறுநாள் அதை என் மேசைமேல் வைத்தபோதுதான் முதன்முதலாக அக்காவைப் பார்த்தேன். கையில் ஒரு கோப்பு. மிச்சத் தார்ப்பாயில் தைத்து, ஓரமெல்லாம் வளையம் அடித்து, கயிறு போட்டு இறுக்கியது. எங்கள் அலுவலகத்தில் தொலைக்கவும் முடியாத, கிழிக்கவும் முடியாத ஒரே கோப்பு அதுதான்.

விஷயம் சின்னது. அக்காவின் மகள் கவிதா ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். பிறவியிலேயே கால்கள் வலுவில்லாததால் சக்கர நாற்காலியில்தான் பள்ளிக்குப் போவாள். அந்தப் பள்ளியிலோ பத்தாம் வகுப்பு மாடியில். கட்டடம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தானாம். கீழே இருக்கும் ஆறாம் வகுப்பை மேலே அனுப்பி, பத்தை இறக்கினால் தீர்ந்தது. பெஞ்சு தூக்கும் வேலைதான்.

தலைமையாசிரியர் வேறு வழிகள் சொல்லியிருந்தார். நாலு பிள்ளைகள் தூக்கிப் போவார்களாம். கவிதா, "மூட்டையாட்டம் தூக்குனா நான் பள்ளிக்கோடத்துக்கே வரமாட்டேன்" என்றுவிட்டாள். அப்படியானால் வீட்டிலேயே படித்துப் பரீட்சைக்கு மட்டும் வரட்டும் என்றார் அவர்.

"எம்புள்ளை ஊட்டுல உக்காந்துக்குமுங்க. கூட்டாளிப் புள்ளைகளும் வாத்தியாருங்களும் ஊட்டுக்கு வருவாங்களா?" என்று என்னைக் கேட்டார் அக்கா.

வகுப்பை மாற்ற மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றது பள்ளி. அது தலைமையாசிரியர் பொறுப்பு என்றோம் நாங்கள். இரண்டையும் முத்திரையோடு வாங்கித் தார்ப்பாய்க்குள் போட்டுக்கொண்டார் அக்கா. பள்ளி திறக்க ஒரு வாரமே இருந்தது.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஆட்களைக் கிளப்பிவிட நான் கையாளும் முறை அது. "அம்மா, இதெல்லாம் முடியாதும்மா."

"செரீங்க. முடியாதுன்னு எழுதிக் குடுங்க. எந்தச் சட்டத்துல முடியாதுன்னு நம்பரும் போட்டுருங்க. நான் வாரேன்."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முப்பது வருட வேலையில் ஆயிரம் முறை முடியாது என்று சொல்லியிருக்கிறேன், ஒருமுறைகூட எழுதியதில்லை. வாயால் சொல்வதுதான் அலுவலக மரபு. ஆனாலும் வீம்புக்கு அலமாரியைத் திறந்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள், சுற்றறிக்கைகள் எல்லாவற்றையும் சாயங்காலம் வரை புரட்டினேன். அக்கா எதிர் பெஞ்சில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாக ஒரு தார்ப்பாய்க் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். முடியாது என்று சொல்ல ஒரு வரி இல்லை. செய்தே ஆக வேண்டும் என்றுதான் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

"கெடைச்சுதுங்களா?"

"கிடைக்கலம்மா."

"நானும் தேடிப் பாத்துட்டுத்தானுங்க வந்தேன்."

வகுப்பை இறக்கச் சொல்லும் கடிதத்தை நானே தட்டச்சு செய்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினேன். அக்கா மூன்று நகல் கேட்டார். கொடுத்தேன்.

பள்ளி திறந்த அன்று, ஆய்வு என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஆறாம் வகுப்பு வாண்டுகள் மாடி கிடைத்த கொண்டாட்டத்தில் மேலே குதித்துக்கொண்டிருந்தன. கீழே, முதல் வரிசையில் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணோடு பேசியதற்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள் கவிதா.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அக்கா என் வீட்டுக்கு வந்தார். கவிதா இப்போது பி.காம். கல்லூரியில் லிப்ட் ஓடவில்லையாம். மனுவைச் சரிபார்க்க வேண்டுமாம். 'இயலாது எனில், விதி எண்ணுடன் எழுத்தில் தரவும்' என்று கடைசியில் ஒரு வரி நானே சேர்த்தேன்.

கிளம்பும்போது ஒரு பை மாம்பழத்தை வைத்துவிட்டு, ஒரு தாளை நீட்டினார். "வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க சாமி."

போட்டேன். நானும் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் ஓய்வூதிய உத்தரவு இருக்கும் இழுப்பறையில், அதற்கு மேலே அதை வைத்திருக்கிறேன்.