வலதுபக்கம் வந்த சைபர்

கல்யாணமான நாள் முதல் மனைவி சாரதாவிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாத பொன்னுரங்கம், ஒரு காரியத்தை மட்டும் அவளிடம் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தார். காரணம், ஒரு சைபர்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பம்பு செய்யும் தொழிற்சாலையில் அவர் ஸ்டோர்ஸ் சூபர்வைசர். சம்பளத்தில் பிடித்த வருமான வரியில் இருநூற்றுப் பதினான்கு ரூபாய் அவருக்குத் திரும்பி வரவேண்டும். வந்ததோ இரண்டாயிரத்து நூற்று நாற்பது. அதுவரை அவர் வாழ்க்கையில் வந்த சைபர்கள் எல்லாம் இடதுபக்கமே நின்று பழகியவை. இது ஒன்றுதான் வழிதவறி வலதுபக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை எழுப்பி அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. ஒரகடத்திலிருந்து தினம் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற மனுஷர். பழைய மொபெட் ஒன்று விலைக்கு வேறு இருந்தது. வந்த செக்கைப் பேங்கில் பணமாக மாற்றி, ஸ்டோர் ரூமில் ஒரு வால்வுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

பூட்டியபின் பயம் பிடித்துக்கொண்டது. கவர்மெண்டு வந்து கேட்டால்? யோசனை கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் சாரதாதான். காலையில் இட்லி சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"நம்ம ஃபேக்டரில ஒருத்தருக்கு இன்கம் டாக்ஸ் ரீஃபண்டு ரெண்டாயிரம் சொச்சம் வந்துகீது. வரவேண்டியது இருநூறுதான்."

"யாருக்கு?"

அந்தக் கேள்விக்குப் பொன்னுரங்கம் தயாராக வரவில்லை. ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"தாண்டவராயனுக்கு."

சாரதாவின் சட்னிக் கரண்டி அந்தரத்தில் நின்றது. "கேட்டுல வாட்ச்மேனா நிக்கிற நம்ம தாண்டவராயன் அண்ணனுக்கா?"

"அவனுக்கேதான். வூட்ல சொல்லக் கூடாதுன்னு இருக்கான். இப்போ அவன் இன்னா பண்ணணும்?"

"தப்பா வந்த பணத்த, அவங்க கேக்கறதுக்கு முன்னாடி திருப்பிக் கட்டிடணும்."

"கேக்காமலே மறந்துட்டாங்கன்னா?"

"போன தீவாளிக்கு நீங்க வாங்கின பத்து ரூபாவ நானே இன்னும் மறக்கல. கவர்மெண்டு மறக்குமா?" என்று சொல்லிவிட்டு சாரதா இன்னொரு இட்லி வைத்தாள்.

மறுநாளே பக்கத்து வீட்டில் பூகம்பம். தாண்டவராயன் மனைவி மரகதம் தலையணைகளைக் கிழித்துப் பஞ்சைத் தெருவில் பறக்கவிட்டாள். கூரை ஏறி ஓட்டைப் பிரித்துத் தேடினாள். ஆடு தின்றிருக்கலாம் என்று ஆட்டைக் கட்டிப்போட்டு, அதன் பின்னால் முறத்தோடு காத்திருந்தாள்.

தாண்டவராயன் கேட்டில் வாடிப்போய் நின்றார். "அண்ணே, எங்கிட்ட ரெண்டாயிரம் கீதாம். எடுத்துக் குடுக்குற வரைக்கும் சோறு கிடையாதாம்."

"இல்லன்னு சொல்ல வேண்டிதானே?"

"சொன்னேன். வெச்சுகீறவன்தான் இல்லம்பானாம்."

அடுத்த நாள் இன்னும் மோசம். "எனக்கே சந்தேகமா கீதுண்ணே. ஒருவேளை வாங்கி எங்கியாவது வெச்சுட்டு மறந்துட்டனா?"

சொல்லிக்கொண்டே காக்கி பாக்கெட்டுகளை வெளியே இழுத்துப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றி உதறினார். தொப்பிக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒரு பாவமும் செய்யாத மனுஷனுக்குப் புத்தி கலங்கிக்கொண்டிருக்கிறது. சாரதாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம்தான். அதற்கு ஜெயிலே மேல் என்று தோன்றியது. விறுவிறுவென்று உள்ளே போய் வால்வுப் பெட்டியைத் திறந்து, மொத்தப் பணத்தையும் கொண்டுவந்து தாண்டவராயன் கையில் திணித்தார்.

"இத மரகதத்துக்கிட்ட குடு. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

தாண்டவராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கிடச்சுடுச்சாண்ணே? எங்கண்ணே வெச்சிருந்தேன்?"

மறுநாள் மாலை பொன்னுரங்கம் வீடு திரும்பியபோது, வெளியூர் போகிற புடவையில் சாரதா உட்கார்ந்திருந்தாள்.

"நானும் மரகதமும் காஞ்சிபுரம் போய்ட்டு வந்தோம். டாக்ஸ் ஆபீசுல விசாரிச்சு, அதிகமா வந்ததை உங்க பேருல கட்டிட்டேன். இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளான்னு ஆபீசருக்கு ஆச்சரியம்."

பொன்னுரங்கம் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். "அப்போ மரகதம் பண்ண கூத்தெல்லாம்?"

"நான் சொல்லித்தான் பண்ணா. ஆட்டுக்குப் பின்னால உக்காந்தது மட்டும் அவ சொந்த யோசனை."

"நம்மளுக்கு நியாயமா வரவேண்டிய இருநூத்திப் பதினாலு?"

"ஓடு மாத்தவும், தலகாணிக்குப் பஞ்சு அடைக்கவும் மரகதத்துக்கிட்டயே குடுத்துட்டேன்."

மொபெட் டர்ரென்று அவர் மனசை விட்டு ஓடி மறைந்தது. ஒன்றே ஒன்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"நீங்க பேரைச் சொன்னப்பவே தெரிஞ்சுது. தாண்டவராயன் அண்ணன் வாங்குற சம்பளத்துக்கு, கவர்மெண்டுதாங்க அவருக்கு வரி கட்டணும்."