ஒன்பது சீர்த்தட்டும் ஒரு லாரிப் பெட்டியும்

இங்கிட்டு நெருங்கி உக்காருங்க. சத்தமாச் சொன்னா வெள்ளைச்சாமி காதுல விழுந்துரும்.

எதையும் கண்ணாலேயே அளந்துவிடுவார் என்று திருக்கோகர்ணத்து வெள்ளைச்சாமிக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான்.

அந்தக் கண்ணளவோடுதான் போன வருஷம் சந்தையில் மாடு வாங்கினார். பார்த்தால், முந்தின மாசம் அவரே விற்ற மாடு! கொம்புக்குப் புதுச்சாயம் அடித்திருந்தார்கள். மாடு நேரே கொட்டிலுக்குள் போய்ப் பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. பார்த்துச் சிரித்தவள் கொழுந்தியாள் செவந்தி. இன்னும் அவள் சிரித்து முடிக்கவில்லை. போகிற ஊரிலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது மகள் ராசாத்திக்கு ஏழாம் மாசம். அன்னவாசல் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு. சீர் கொண்டுபோக சூசைராஜின் சின்ன லாரியைப் பேசியாயிற்று. பழைய மோட்டார் காரின் பின்பாதியை அறுத்துப் பலகைப் பெட்டி பூட்டியது அது. சம்பந்தி வாசலில் செவந்தி வாயைத் திறந்தால்? நினைக்கும்போதே வெள்ளைச்சாமிக்கு வேர்த்தது.

"செவந்தியும் வரட்டுங்க," என்றாள் மனைவி மீனம்மாள். "ராசாத்திக்கு அம்மை போட்டப்ப பதினோரு நாளு வேப்பெலையோட பக்கத்துலயே கெடந்தவ. மொத வளையல அவ போட்டாத்தான் எம் மனசு ஆறும்."

"நானா வேணாங்குறேன்? பெட்டியில எடம் வேணும்ல?"

முழம் போட்டு அளந்தார். நீளம் நாலு முழம், அகலம் மூணு. இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே எழும்பிய மேடு வேறு இடத்தைத் தின்றது. வீட்டிலிருந்த பித்தளைத் தட்டுகளைப் பெட்டிக்குள் பரப்பிப் பார்த்தார். அஞ்சு தட்டு வைத்தால் நாலைந்து பேருக்கு இடம் மிஞ்சியது. ஒன்பது வைத்தால் பூனை நுழையாது!

அன்றைக்கே சம்பந்திக்குக் கார்டு போட்டார்: சீர் ஒன்பது தட்டு.

"ஒம்பதா! எம் மகளுக்கா!" மீனம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆமா. நான் முன்சீட்டு. நீ பெட்டி மூலையில ஒடுங்கிக்க. செவந்திக்குத்தான் எடமில்லாமப் போச்சு, பாவம்."

"என்னங்க செய்ய. ஒங்க இஷ்டம்."

'ஒங்க இஷ்டம்' என்று மீனம்மாள் சொல்லிக் கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டதில்லை. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். மனுஷர் மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

வளைகாப்பன்று காலையில் புதுவேட்டி சரசரக்க வந்தால், லாரிப் பெட்டிக்குள் எட்டுப் பொம்பளைகள். நட்டநடுவில் செவந்தி.

"வாங்க மச்சான்! மாடு சௌக்கியமா?"

வெள்ளைச்சாமி மனைவி பக்கம் திரும்பினார். "ஏய், என்னடி இது?"

"ஒம்பது தட்டுக்கு ஒம்பது பொம்பளைக வேணும்ல? தட்டு தூக்குறது யாரு, நீங்களா? அஞ்சுன்னா நானும் பக்கத்து வீட்டு நாலு பேருமாப் போயிருப்போம். நீங்க ஒம்பதுன்னு கார்டு போட்டுட்டீங்க. அதான் எம் பொறந்த வீட்டுலேருந்து செவந்தியோட சேத்து இன்னும் நாலு பேரை வரச் சொன்னேன்."

"தட்டைப் பரப்பவே எடம் பத்தாதேடி!"

"இங்கேருந்தே யாரு பரப்பிக்கிட்டுப் போவா? சம்பந்தி தெரு முக்குல எறங்கித்தானே தட்டுல எடுத்து வைப்போம்."

எத்தனையோ சீர்வரிசைக்கு முன்னால் மேளக்காரரோடு மிடுக்காக நடந்தவர்தான். பின்னால் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

பெட்டியை எட்டிப் பார்த்தார். பலகாரமெல்லாம் அண்டாவுக்குள். அண்டாவின் மூடிமேல் ஒருத்தி. இடத்தைத் தின்ற சக்கர மேடு இரண்டும் பெஞ்சாகி, பக்கத்துக்கு மூணு பேர். வாழைத்தார் வெளியே கொக்கியில் தொங்கியது.

"போகட்டும்," என்று முன்சீட்டுக் கதவைத் திறந்தார். சீட்டில் ஒரு கூடை வைக்கோல்.

"அதுல கண்ணாடி வளையலுங்க. பின்னாடி வச்சா நொறுங்கிப் போயிரும்," என்றாள் மீனம்மாள்.

"அப்ப நானு?"

"ஒங்கள விட்டுட்டுப் போவனா?"

கையைப் பிடித்துப் பெட்டியில் ஏற்றினாள். செவந்திக்கும் அண்டாவுக்கும் நடுவில், சரியாக அவர் அளவுக்கு ஓர் இடம். மடிப்பு கலையாமல் மேல்துண்டைத் தோளில் சரிசெய்துவிட்டாள்.

"மச்சான், அன்னவாசல்ல நம்ம சீருக்கு வர்ற மேளக்காரவுக இந்த மாட்டுக் கதையக் கேட்டதில்லையாம்ல?" என்று ஆரம்பித்தாள் செவந்தி.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். மீனம்மாள் ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கின ஒன்பது தட்டையும் தூக்கி அவர் மடியில் வைத்தாள். தானும் ஏறிக்கொண்டு, பின்பலகையைச் சாத்திச் சங்கிலியை மாட்டி, "போகலாம் சூசைராஜு" என்று பலகையை ரெண்டு தட்டுத் தட்டினாள்.