என் கீழ்த்தாடையில் குடிவந்த புண்ணியவான்

துலூத்தில் இருக்கும் என் நாத்தனார் டெல்ஃபீனுக்கு, ஆஷ் க்ரீக்கிலிருந்து உன் அண்ணி வெர்லா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும், விற்றது போக மிச்சம் இருக்கிற மாடுகளும் சுகம். அங்கே நீயும், உன் வீட்டுக்காரர் ரேமண்டும், உன் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உன் அண்ணனை அடக்கம் செய்த நாளிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. என் பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவாய் என்று, உறையின் மேல் பாதர் கஸ்பரின் பெயரை எழுதியிருக்கிறேன். பாதரிடம் கேட்கவில்லை.

நீ கோபித்துக்கொண்டதைக் குற்றமாகச் சொல்ல நான் வரவில்லை டெல்ஃபீன். உன் அண்ணன் ஃப்ளோரியன் பால் கறக்கிற இடத்திலேயே சாய்ந்து போன அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். அவர் டிரைவிங் லைசென்ஸில் உறுப்புதானத்துக்குச் சம்மதம் என்று போட்டிருக்கிறார், எலும்பும் தோலும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவர் சரி என்று போட்டு வைத்ததை நான் எப்படி இல்லை என்பேன், நானும் சரி என்றேன். நீ பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஊரே கேட்க, "கடைசி நாள்ல எக்காளம் ஊதினா செத்தவங்க எல்லாரும் எழுந்து நிப்பாங்க. எங்க அண்ணன் மட்டும் எலும்பில்லாம எப்படி அண்ணி எழுந்து நிப்பாரு?" என்று கேட்டாய். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. பதில் என் வாய்க்குள்ளேயே இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்து கோயில் கூடத்தில் எல்லாருக்கும் ஹாம் வைத்த பன் கொடுத்தார்களே, நீ சாப்பிடாமலே போய்விட்டாய், அதை நான் ஒரு கடி கடித்தேன், கீழே முன்பக்கத்துப் பல் வாசல் கதவு மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பாதர் ஓடிவந்து முதுகைத் தட்டிக்கொடுத்து, அழும்மா, அழுதா பாரம் குறையும் என்றார். அழுதேன்தான். எது ஃப்ளோரியனுக்கு, எது பல்லுக்கு என்று பிரித்துச் சொல்ல எனக்கே வராது. பல் டாக்டரிடம் போனால், இது ஈறு நோய், ரொம்ப நாளாகவே உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது, பல்லைப் பிடிக்கிற எலும்பே கரைஞ்சு போச்சு, மண் அரிச்சுப்போன வேலிக் கம்பம் மாதிரி நிக்குது, கீழ் வரிசையை எடுத்துட்டு பல்செட் கட்டிக்கலாம் என்கிறார். பல்செட் என்றதும் எனக்கு உன் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. உனக்கும் மறந்திருக்காது. தீவனத் தொட்டியில் குனிந்தவர் வாயிலிருந்து புது பல்செட் விழுந்து, நம்ம பசு பேன்ஸி அதைத் தீவனத்தோடு சேர்த்து மென்றுவிட்டதே, நீ வைக்கோல் கட்டு மேல உருண்டு உருண்டு சிரிச்சே. அவர் பல்லில்லாத வாயோடு மாட்டுக்கு முன்னாடி நின்னு, குடு குடுன்னு கெஞ்சினார். அதுக்கப்புறம் எத்தனை செட் கட்டியும் சரியா உட்காரல, கடைசி வரைக்கும் சோளக்கதிரைக் கத்தியால சீவி ஸ்பூன்ல அள்ளித்தானே சாப்பிட்டார். அந்த ஸ்பூனை நானும் எடுக்கிறதா? பல்லைப் பிடுங்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.

அப்புறம் ஈறுக்குன்னே இருக்கிற டாக்டர் ஒருத்தங்ககிட்ட அனுப்பினாங்க. டாக்டர் நைக்விஸ்ட், சின்னப் பொண்ணுதான், கை மட்டும் நிதானம். கோடு போட்ட ஒரு கம்பியை ஈறுக்குள்ள விட்டு ஆழம் பார்த்துட்டு, பிடுங்க வேண்டாம், எலும்பைத் திரும்ப வளர்த்துப் பார்க்கலாம்னாங்க. ஈறைப் பிரிச்சு, வேரைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, எலும்பு கரைஞ்ச பள்ளத்துல எலும்புத் தூளை ரவை மாதிரி நிரப்பி, மேல மெல்லிசா ஒரு விரிப்பு போட்டுத் தைச்சுடுவாங்களாம். அவரைக்கொடிக்குக் கம்பு நட்டு வைக்கிற மாதிரி அது, நம்ம எலும்பு அதைப் பிடிச்சுக்கிட்டு ஏறி வரும், கட்டாயம் வரும்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா உங்க பள்ளம் அதுக்கேத்த பள்ளம்னாங்க. என் வாழ்க்கையில யாரும் என்கிட்ட இருக்கிற பள்ளத்தைப் பாராட்டினதில்ல. அந்தத் தூள் எங்கிருந்து வரும்னு கேட்டேன். பல வகை இருக்கு, நம்ம தாடையிலிருந்தே எடுக்கலாம், இறந்தவங்க தானமாக் கொடுத்ததை வைக்கலாம்னு ஆரம்பிச்சாங்க. தானம்ங்கிற வார்த்தையோட என் காது அடைச்சுப்போச்சு. அதுக்கு மேல அவங்க சொன்னது எதுவும் உள்ள இறங்கல. நான் கையைப் பிடிச்சுக்கிட்டு, "டாக்டரம்மா, உங்க அம்மா வாயில எதை வைப்பீங்களோ அதையே எனக்கும் வையுங்க" என்றேன். சரின்னு சிரிச்சாங்க.

வச்சாங்க. முகம் ஒரு பக்கம் பூசணிக்காய். ஓட்ஸ் கஞ்சி, ஆறின சூப், பிரஷ்ஷை அந்தப் பக்கமே காட்டக்கூடாது, மருந்துத் தண்ணியைக் கொப்பளிக்கணும். அதெல்லாம் பெரிசில்ல டெல்ஃபீன். என் வாயில இன்னொரு மனுஷர் இருக்காரே, அந்த நினைப்புதான். எங்கேயோ ஒருத்தி இதே மாதிரி சமையல்கட்டுல நின்னு போனை எடுத்து, அழுதுக்கிட்டே சரின்னு சொல்லியிருக்கா, அதனால எனக்குப் பல் நிக்குது. அது ஏன் ஃப்ளோரியனாவே இருக்கக்கூடாதுன்னுகூட ஒரு நாள் நினைச்சேன். அவரா இருந்தா குறட்டை விட்டிருப்பார்னு மனசைத் தேத்திக்கிட்டேன். வாயில விருந்தாளி இருக்கிற மரியாதைக்கு டிராக்டரைத் திட்டறதை நிறுத்தினேன். திட்டலேன்னா டிராக்டர் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது, அது வேற கதை. பாதர் கஸ்பர்கிட்ட போய், பெயர் தெரியாத அந்த ஆத்மாவுக்காக ஒரு பூசை வைக்கச் சொன்னேன். கோயில்ல வாராவாரம் கொடுக்கிற பங்குத்தாள்ல 'வெர்லாவின் கீழ்த்தாடைக்காக'ன்னு போட்டுட்டாங்க. மாதா சபைப் பொம்பளைங்க எல்லாம் எனக்குத் தாடையே போயிடுச்சுன்னு நினைச்சு குழைய வெந்த நூடுல்ஸ் கேசரோல் தூக்கிட்டு வந்துட்டாங்க. நல்லவேளை, மெல்ல வேண்டாத பண்டம். வெள்ளிக்கிழமை மீன் விருந்துல பக்கத்துப் பண்ணை ஆர்வில், அப்போ இனிமே சீட்டாட்டத்துல உன்னை ரெண்டு பேராக் கணக்கு வைக்கணுமான்னு கேட்டான். ஆமா, ரெண்டு பேரும் சேர்ந்துதான் உன்னைத் தோற்கடிப்போம்னேன். தோத்தது நான்தான்.

போன வாரம் எக்ஸ்ரே எடுத்தாங்க. கறுப்பா ஓட்டை விழுந்து கிடந்த இடத்துல வெள்ளையா மூடி வந்திருக்கு. கம்பியை விட்டா ஆழமாப் போகல. பல்லை ஆட்டிப் பார்த்தாங்க, அசையல. நான் நேரா பால் பண்ணைக்குப் போய் அன்னிக்குப் போட்ட சீஸ் கட்டி ஒண்ணை வாங்கிக் கடிச்சேன். புது சீஸ் பல்லுல கீச்சுன்னு கத்துற சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு.

அதனால டெல்ஃபீன், உன் கேள்விக்கு என் பதில் இதுதான். உன் அண்ணன் எலும்பில்லாமப் போகல. அவர் எலும்பு இப்பவே யார் யார் உடம்புலயோ எழுந்து நின்னுக்கிட்டிருக்கு. என் பல்லைத் தாங்கிப் பிடிச்சிருக்கிற அந்த மனுஷர் மாதிரி. எக்காளம் ஊதட்டும், அவங்க எல்லாரும் அவருக்குக் கை கொடுப்பாங்க. எனக்குச் சந்தேகமே இல்ல. ஆகஸ்டுல வழக்கம்போல சோளம் உரிக்கணும். நீ இல்லாம அந்த மேஜையில உட்கார என்னால முடியாது. ரேமண்டையும் கூட்டிக்கிட்டு வா.

உனக்கும் உன் வீட்டாருக்கும் நல்ல உடம்பும், உறுதியான பல்லும், மன்னிக்கிற மனசும் கிடைக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கும்,
உன் அண்ணி,
வெர்லா

பி.கு. மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டு, உறையை ஒட்டாமலே டாக்டரிடம் போனேன். அந்தத் தானம் கொடுத்த குடும்பத்துக்கு நன்றி சொல்லி ஒரு கார்டு எழுதி, செர்ரி ஜாமும் எடுத்துக்கிட்டுப் போய், அவங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க டாக்டரம்மான்னு நீட்டினேன். டாக்டர் கார்டைப் பார்த்தாங்க, ஜாமைப் பார்த்தாங்க, கதவைச் சாத்தினாங்க. "வெர்லா, அது மாடு" என்றார்கள். நான் எந்த மாடுன்னு கேட்டேன். "அன்னிக்கே சொன்னேனே. மாட்டு எலும்புதான், சூடு பண்ணி நல்லாச் சுத்தம் பண்ணினது. எங்க அம்மாவுக்கும் அதையேதான் வச்சேன்." அப்போ மேல போட்ட விரிப்பு யாருதுன்னேன். அது பன்றியாம். ஜாமை அவங்களையே வச்சுக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்.

வண்டியில உட்கார்ந்து சிரிச்சேன் டெல்ஃபீன். அவர் போன பிறகு அப்படிச் சிரிச்சதில்ல. மாட்டுக்குப் பூசை வச்சிருக்கேன். பேன்ஸி மென்ன பல்லுக்கு அதோட சாதிசனம் திருப்பிக் கொடுத்துடுச்சு. இதைச் சொல்லிடணும்னு பக்கத்து சீட்டுப் பக்கம் திரும்பினேன். அங்கே யாரும் இல்ல. அப்புறம் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்க முடியல.

ஆக, மேலே நான் எழுதின பதில் செல்லாது. உன் அண்ணன் எப்படி எழுந்து நிப்பாருன்னு எனக்கு இன்னும் தெரியாது. கடிதத்தைக் கிழிச்சுடலாம்னு பார்த்தேன், ஆனா பல்செட் விழுந்த அந்தத் தொட்டியைப் பார்த்தவங்கள்ல மிச்சம் நீயும் நானும்தான், வேற யார்கிட்ட சொல்லுவேன். மாட்டுக்குப் பூசை வச்ச உண்மையைப் பாதர்கிட்டயும் சொல்லியாகணும். தனியாப் போனா நடுவுல சிரிச்சுடுவேன், இல்லன்னா அழுதுடுவேன். ஆகஸ்டு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே வா. பாதர்கிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு வெளியே நீ நின்னாப் போதும்.