கரடி தாண்டவராயன் நடத்திய நீச்சல் முகாம்

ஒரு காட்டில் ராஜா கிடையாது, ஒருங்கிணைப்பாளர்தான் இருந்தார். பெயர் தாண்டவராயன், கரடி. வருடாவருடம் வெள்ளத்தில் குட்டிகள் அடித்துச் செல்லப்படுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், அவற்றுக்கு நீச்சல் சொல்லித்தர ‘இளங்குட்டிகள் முன்னேற்ற மன்றம்’ தொடங்கியவர். நல்ல மனசு, கணீர்க் குரல். ஒரே குறை, அவருக்கே நீந்தத் தெரியாது. அது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்.

‘தன்னார்வலர்கள் தேவை’ என்று மரத்தில் ஒட்டியதும், நீர்நாய் சிலம்பாயி சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

“அண்ணே, நாளைக்கே குட்டிங்களைத் தண்ணியில இறக்கிடலாமா? நீங்களும் வாங்க.”

கரடிக்குக் குப்பென்று வியர்த்தது. “அவசரப்படாதம்மா. முதல்ல படிவம், அப்புறம் அறிமுகப் பயிற்சி.”

அவள் ஈரக்கை பட்டுப் படிவத்தில் மை கலைந்தது. “இது செல்லாதும்மா” என்றார் கரடி. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

முயலும் மயிலும் காய்ந்த கையோடு வந்து தேர்வானார்கள். முதல் வாரம் வட்டமாக நின்று, பந்தைத் தூக்கிப்போட்டுப் பெயர் சொன்னார்கள். இரண்டாம் வாரம் ‘நீர் என்றால் என்ன?’ என்று சார்ட் பேப்பரில் எழுதினார்கள். மூன்றாம் வாரம், களைத்துப்போன தன்னார்வலர்களுக்கு ஊக்கமூட்டும் வகுப்பு. வாட்ஸப் குழுவில் காலை வணக்கம் தவறாமல் வந்தது.

“குட்டிங்க எப்ப சார் வரும்?” என்றது முயல்.

“முதல்ல நாம தயாராகணும்ல!”

நிறைவு விழா ஆற்றங்கரையில். “பயத்தை விடுங்கள்!” என்று கரடி முழங்கியபோது வெள்ளம் வந்து மேடையோடு அவரைத் தூக்கிப் போனது.

“மீட்புப் பயிற்சி அடுத்த மாசம்தானே சார்!” என்று கத்திக்கொண்டே முயல் பாறையில் ஏறியது. மயில் மரத்தில் அமர்ந்து போட்டோ எடுத்தது.

“ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாது!” என்று கையை உயர்த்தி அலறினார் கரடி. மூன்று வாரத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

ஆறு குட்டிகள் நீந்தி வந்து அவர் முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தன. பின்னாலேயே சிலம்பாயி.

“நீங்க பந்து விளையாடின மூணு வாரமும் இதுங்க என்கூடத் தண்ணியிலதான் கிடந்துச்சுங்கண்ணே.”

கரடிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆண்டறிக்கையில் உண்மையை எழுதியே தீருவது என்று உட்கார்ந்தார். ‘எனக்கு நீந்த’ என்று எழுதினார். சற்று யோசித்தார். அடித்தார். பிறகு எழுதினார்:

‘மன்றத்தின் பயிற்சியால் ஆறு குட்டிகள் நீச்சல் கற்றன. ஒருங்கிணைப்பாளரே வெள்ளத்தில் இறங்கிச் செயல்விளக்கம் அளித்தார். படம் இணைப்பில்.’

சிறந்த ஒருங்கிணைப்பாளர் விருது அவருக்கே கிடைத்தது. சிலம்பாயிக்கும் ஒரு கடிதம் போனது: ‘அடுத்த அறிமுகப் பயிற்சிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வரவும்.’

நீதி: மூழ்கும்போது கையை நன்றாக உயர்த்துங்கள்; போட்டோவில் அது சொல்லித்தருவது போலவே இருக்கும்.