குட்மேய்ஸ் காணியின் பூர்வீகம்

குட்மேய்ஸ்,
12.06.1991

மதிப்புக்குரிய யோகராஜா அண்ணைக்கு,

நானும் சிவனேஸ்வரியும் சுகம். ஜேர்மனியில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அவ்விதமே இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். முதலில், வரவேண்டாம் என்று போன கிழமை நான் எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். தாராளமாக வாருங்கள். எனக்கு இப்போதுதான் மூச்சு வருகிறது.

நடந்தது இதுதான். புது வீட்டில் பால் காய்ச்ச நாள் வைத்தாயிற்று. காணியின் பூர்வீகம் விசாரிக்காமல் குடிபுகுந்தால் அப்பா மேலேயிருந்து ஏசுவார் என்று, நூலகத்துக்குப் போய் நூறு வருசத்துக்கு முந்தின குட்மேய்ஸ் வரைபடத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து வந்தேன். வயலும் பண்ணையுமாகச் சின்ன ஊர், நல்ல வடிவு. எங்கள் வீடு நிற்கிற இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் குறிகள் வரிசை வரிசையாய் நின்றன. எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் வருவதாக எழுதிய கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்த சிவனேஸ்வரி எட்டிப் பார்த்து, "இஞ்சேருங்கோ, இதெல்லாம் கல்லறைச் சிலுவை. இது சவக்காலையெல்லே. இதுக்குமேல ஆக்களைக் கூப்பிட்டுப் படுக்க வைக்கேலுமோ?" என்றாள்.

அதோடு என் நித்திரை போயிற்று. பின்னறையில் பெட்டி வைக்கப் போனாலும் தேவாரம் பாடிக்கொண்டுதான் போனேன். ஐயரைக் கேட்டால், வெள்ளைக்காரப் பிரேதத்துக்கு எந்த மந்திரம் என்று தனக்குத் தெரியாது என்று கையை விரித்துவிட்டார். எதிர்வீட்டு யாக்கோப்பர் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவர், அவர் மட்டும் ஆறுதல் சொன்னார். "அவை எங்கட ஆக்கள்தானே, ஒண்டும் செய்யமாட்டினம்."

நேற்று மனம் கேளாமல் திரும்பவும் நூலகத்துக்குப் போய், அங்கே இருக்கிற வெள்ளைக்கார மனுசியிடம், எத்தனை பேரைப் புதைத்தது என்று கேட்டேன். அவ மூலப்படத்தை விரித்து, பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினா. கொப்பியில் சிலுவையாகத் தெரிந்ததெல்லாம் மரம், அண்ணை. அப்பிள் தோட்டம். பழைய படங்களில் தோட்டத்தை அப்படித்தான் வரைவார்களாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிவந்து சிவனேஸ்வரியிடம் சொன்னேன். சந்தோஷத்தில் அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

ஆகவே, நீங்கள் எழுதியபடியே ஐந்து பேரும் பள்ளிக்கூட லீவு ஆறு கிழமையும், நாற்பத்திரண்டு நாளும், எங்களோடுதான். வேறெங்காவது தங்கினால் எனக்குக் கோபம் வரும்.

அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

அன்புத் தம்பி,
குலசேகரம்

பி.கு: யோகராஜா அத்தானுக்குச் சிவனேஸ்வரி எழுதுவது. முத்திரை ஒட்டச் சொல்லி இவர் கடிதத்தை என்னிடம் தந்திருக்கிறார். அது மரம் என்று எனக்கு முதல் நாளே தெரியும். ஆறு கிழமை என்று நீங்கள் எழுதியிருந்ததை வாசித்த பிறகுதான் கல்லறையாகத் தெரிந்தது. இரண்டு கிழமை என்றால் மரமாகவே இருக்கட்டும்.