பாட்டுகளுக்கு நான் வைத்த பெயர்கள்

என் அலுமாரியைத் திறந்தால் உடுப்புகள் தலையில் விழும். ஆனால் கணினியில் மட்டும் நான் மகா ஒழுங்குக்காரி. அந்த ஒழுங்குதான் அண்ணாவின் கலியாணத்தில் எங்கள் மானத்தைக் கப்பலேற்றியது.

மணமகள் மன்னார் நகரத்துப் பெண். எங்கள் ஊரான விடத்தல்தீவில் பெண் கொடுக்க அவளுடைய தகப்பன் அரைமனதோடுதான் தலையாட்டியிருந்தார். "சின்னப் பிழையும் வரப்படாது" என்று அம்மா எல்லோரையும் எச்சரித்திருந்தார்.

பாட்டுப் போடுவது என் பொறுப்பு. அண்ணாவின் பென்டிரைவில் 'பாட்டு', 'பாட்டு புதுசு', 'பாட்டு கடைசி', 'பாட்டு கடைசியோ கடைசி' என்ற ரகத்தில் நூற்றி நாற்பது கோப்புகள் கிடந்தன. (மனிதர் வைக்கிற பெயரா இது?) மூன்று நாள் மினக்கெட்டு எல்லாவற்றுக்கும் ஒரே முறையில் பெயர் வைத்தேன்: முதலில் இலக்கம், பிறகு ஆள், கடைசியில் எதற்கு என்பது. எனக்கு மட்டும் விளங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

தேவாலயத்தில் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தோம். அண்ணாவின் சின்ன வயதுப் படங்களைப் பெரிய திரையில் காட்டினேன். படங்கள் முடிந்தபின் மடிக்கணினியின் வயரைக் கழற்ற மறந்துபோய், பாட்டைத் தட்டினேன். சனம் சிரித்தது. என் ரசனையை மெச்சுகிறார்கள் என்று நானும் சிரித்துக்கொண்டு திரும்பினால், திரையில் ஆளுயர எழுத்து:

'011 - சந்தியோகு மாமா - இரண்டு கிளாசுக்குப் பிறகு ஆட.'

மாமா கையில் இரண்டாவது கிளாசோடு நின்றார். பதறிப்போய் அடுத்ததைத் தட்டினேன்.

'012 - கிளாரா அன்ரி - கையிலிருந்து மைக்கைப் பறிக்க.'

அதையும் மாற்றினேன். (புத்தி இருந்தால் வயரைக் கழற்றியிருப்பேன்.)

'013 - பொம்பிளை வீட்டார் - சோறு பிந்தினால் வாயடைக்க.'

சனம் முழுக்கப் பெண் வீட்டார் பக்கம் திரும்பியது. பெண்ணின் தகப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொல் சொல்லாக வாசித்தார். பிறகு நேரே என்னிடம் வந்தார்.

"பிள்ளை, சோறு உண்மையாப் பிந்துமோ?"

"ஓம் ஐயா. இன்னும் முக்கால் மணித்தியாலம்."

"அப்ப சத்தத்தைக் கூட்டுங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அந்த மனிதரின் காலில் விழலாம் போலிருந்தது.

மாமா ஆடினார். அன்ரியும் மன்னித்தார். மன்னிக்காதவர் அம்மாவின் அக்கா, ரெஜினா பெரியம்மாதான். மடிக்கணினியில் இருந்த பட்டியலை அடிவரை வாசித்துவிட்டுக் கேட்டார்.

"நூத்தி நாப்பது பாட்டில எனக்கெண்டு ஒண்டும் இல்லையோடி? நான் என்ன, றோட்டால போன ஆளோ?"

அவர் முன்னாலேயே ஒன்று சேர்த்தேன்: '141 - ரெஜினா பெரியம்மா - அன்போடு கேட்க.' வாசித்ததும் கோபம் இன்னும் ஏறியது.

"பொய் எழுதாதை. மற்றவைக்கு எழுதின மாதிரி உண்மையை எழுது."

எழுதினேன். இன்றும் எங்கள் வீட்டுக் கலியாணங்களில் அந்த இலக்கம் வந்தால் யாராவது ஓடிப்போய்த் திரையைத் துவாயால் மறைக்கிறார்கள். முன்வரிசையில் இருந்து, "துவாயை எடுங்கோடா!" என்று கத்துவது பெரியம்மாதான்.